பீர் கிட்டில் தொடங்கிய தேநீர்ப் புளிப்பு: கும்பகோணம் அருகே ஒரு வீட்டின் முதல் ஈடு

பின்னணி

கும்பகோணத்துக்குக் கிழக்கே, அரசலாற்றங்கரையில் உள்ள ஒரு கிராமத்தில் நடந்தது இது. வீடு பழைய ஓட்டு வீடு. ரேழி, முற்றம், தாழ்வாரம் எல்லாம் இன்னும் இடிபடாமல் இருக்கின்றன. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன், சித்திரைக் கடைசியில் நீண்ட விடுப்பில் ஊருக்கு வந்தபோது, வீட்டிலேயே பீர் காய்ச்சும் கிட் ஒன்றைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். அந்த நாட்டில் பதினெட்டு வயதைக் கடந்தவர்கள் தம் சொந்தத் தேவைக்கு, ஒரு குடும்பத்துக்கு மாதம் 30 லிட்டர் என்ற வரம்புக்குள், பீர், ஒயின் போன்றவற்றை உரிமம் இல்லாமலே வீட்டில் தயாரித்துக்கொள்ளலாம். அறைத்தோழர் ஒருவர் செய்வதை உடனிருந்து பார்த்த பழக்கத்தில், தன் கையால் ஒரு முதல் ஈடு போட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு.

கிட்டில் இருந்தவை வழக்கமானவையே: 1.7 கிலோ மால்ட் சாறு அடைத்த டின் ஒன்று, அதன் மூடிக்கு அடியில் ஈஸ்ட் பொட்டலம், 25 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, வாயுவை வெளியே மட்டும் விடும்படி அதன் மூடியில் பொருத்தும் ஏர்லாக், திரவத்தின் அடர்த்தியையும் அதன்வழி கரைந்துள்ள சர்க்கரையையும் காட்டும் ஹைட்ரோமீட்டர், ஒட்டுவெப்பமானி, புளிப்பை அளக்கும் பிஎச் தாள்கள் (எண் குறையக் குறையப் புளிப்பு கூடுதல்), கம்பி மூடி போட்ட கண்ணாடிப் புட்டிகள் சில, ஒரு சிறு கையேடு. டின்னைக் கரைத்து 23 லிட்டர் ஆக்கி, ஈஸ்ட் தூவி, 18 முதல் 24 டிகிரி வெப்பத்தில் பத்து நாள் அளவுக்கு வைத்துவிட்டுப் புட்டியில் அடைக்கச் சொல்கிறது கையேடு.

உணவுப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் பல்லாண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், டின்னைத் திறப்பதற்கு முன்பு என்னிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடும்படி அவருடைய தாயார் அனுப்பிவைத்தார். அந்தக் கேள்வியில் தொடங்கி, பீருக்குப் பதிலாகக் கொம்புச்சா என்ற புளித்த தேநீரில் போய் நின்றதுதான் இந்தப் பதிவு.

பீர் வேண்டாம் என்ற முடிவு

சட்டம் பற்றி இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம், அன்றைய சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. திருத்தங்களோடு இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது. கடையில் மது கிடைக்கிறதே என்று பலர் இந்தச் சட்டம் செத்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில், அரசு உரிமம் தந்த வழிகளைத் தவிர்த்து மற்ற எல்லாத் தயாரிப்பையும் அது தடைசெய்கிறது. தயாரிப்பதை மட்டுமல்லாமல், தயாரிப்பதற்கென்று மூலப்பொருளையும் கருவியையும் வைத்திருப்பதையும் அதன் 4ஆம் பிரிவு குற்றமாகவே பார்க்கிறது. சொந்தக் குடிக்குத்தான், விற்பனைக்கு அல்ல என்பது அங்கே விலக்கு ஆகாது.

தாய்மாமன் இதைக் கேட்டதும், “காரைக்காலுக்குக் கொண்டுபோய்ப் போட்டுக்கொள்ளலாமே, மாப்பிள்ளை, அது பாண்டிச்சேரிக் கணக்குத்தானே” என்றார். டெல்டாவில் இந்த யோசனை எவருக்கும் எளிதாக வரும். ஆனால் காரைக்காலில் கடையும் விலையும் வேறாக இருப்பது விற்பனை விதியால். உரிமம் இல்லாமல் காய்ச்சுவதற்கு அங்கும் வழி கிடையாது.

இன்னொரு காரணமும் இருந்தது. அது சட்டத்தைச் சாராதது. பீருக்குரிய ஈஸ்ட் 20 டிகிரி அளவில் அமைதியாக வேலை செய்யும். 30 டிகிரியைத் தாண்டினால் கனமான ஆல்கஹால்களையும் கடும் பழ வாசனை எஸ்டர்களையும் உண்டாக்கிவிடும். அப்படி வந்த பீர் நெயில் பாலிஷ் நெடியோடு தொண்டையைக் கரகரக்க வைக்கும். அக்கினி நட்சத்திரக் காலத்தில் அந்த வீட்டுச் சமையலறை விடியற்காலையிலேயே 31 டிகிரி காட்டியது. குளிர்சாதன வசதி இல்லாமல், அனுமதி உள்ள ஊராகவே இருந்தாலும், அந்த மாதத்தில் அந்த இடத்தில் அது உருப்பட்டிருக்காது.

ஆகவே, மால்ட் டின்னும் ஈஸ்ட் பொட்டலமும் திறக்கப்படாமலே, அதே வாரம் சிங்கப்பூர் திரும்பிய உறவினர் ஒருவர் பெட்டியில் ஏறின. வாளியும் அளவுக்கருவிகளும் பொதுவான பாத்திரங்கள் என்பதால் வீட்டில் தங்கின.

மாற்றாகக் கொம்புச்சா

புளிக்கவைத்து ஏதாவது செய்தே தீர வேண்டும் என்ற ஆவல் மகனுக்குக் குறையவில்லை. திருச்சியில் உள்ள நண்பர் ஒருவர் வீட்டில் கொம்புச்சா போடுகிறவர். ஏற்கெனவே புளித்த கொம்புச்சாவில் ஒரு லிட்டரை உறை நீராகவும், அதன்மேல் திரண்ட தாய்ப்படலத்தில் கையளவும் கொடுத்தனுப்பினார். சர்க்கரை கலந்த தேநீரில் ஈஸ்டும் அசெட்டிக் பாக்டீரியாவும் சேர்ந்து வளர்வதுதான் கொம்புச்சா. ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹால் ஆக்குகிறது. பாக்டீரியா அந்த ஆல்கஹாலைக் காற்றின் உதவியோடு அமிலமாக்கிவிடுகிறது. மேலே இளநீர் வழுக்கை போன்ற செல்லுலோஸ் படலம் ஒன்று திரள்கிறது. இரண்டு வேலையும் ஒருசேர நடந்தால் ஆல்கஹால் அதிகம் சேராது, பானம் புளிக்கும்.

இங்கும் ஓர் எல்லைக்கோடு வேண்டியிருந்தது. 2018ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மதுபான விதிமுறைகள், கன அளவில் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தை மதுபானம் என்கின்றன. மதுவிலக்குச் சட்டத்தின் சொற்கள் இதைவிட அகலமானவை என்பதால், அரை சதவீதத்தை அனுமதியாகக் கொள்ளாமல், நெருங்கவே கூடாத வேலியாகக் கொள்வது என்று முடிவு செய்தோம்.

முதல் ஈடு

ஐந்து லிட்டர் போட்டார்கள். 375 கிராம் வெள்ளைச் சர்க்கரை, 30 கிராம் நீலகிரித் தேயிலை, அரை லிட்டர் உறை நீர். நாட்டுச் சர்க்கரை போடலாமே என்று தாயார் கேட்டார். அதில் உள்ள தாது உப்புகள் அமிலத்தை ஓரளவு ஈடுசெய்துவிடும் என்பதாலும், முதல் முறையில் மாறும் பொருள் குறைவாக இருப்பது நல்லது என்பதாலும் வெள்ளைச் சர்க்கரையே இருக்கட்டும் என்றேன். வீட்டுப் பழைய ஊறுகாய் ஜாடியைக் கழுவி வைத்திருந்தார். அதையும் வேண்டாம் என்றேன். பழைய ஜாடிகளின் மெருகுப் பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். வாரக்கணக்கில் புளிப்பு ஊறினால் அது கரைந்து இறங்கும். பித்தளை, செம்பு, அலுமினியம் ஆகியவையும் இதற்கு உதவா.

மீதி வேலையை மகன் கையேட்டுப் பழக்கத்தில் செய்தார். தேநீர் கொதிக்கவைக்க எடுத்தது ஆழ்துளைக் கிணற்று நீர். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் அந்தக் கிணற்று நீர் உப்பு மிகுந்து கடின நீராகிவிடும். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் படிவு சுண்ணாம்பாக நிற்கும். கிட்டோடு வந்த வாளியில் எல்லாவற்றையும் ஊற்றி, மூடியை அழுத்தி அடைத்து, ஏர்லாக்கில் தண்ணீர் விட்டு, சமையலறை மேடைக்குக் கீழே வைத்தார். தொடக்க அளவுகளை அவர் குறித்து வைத்தது பின்னால் பெரிதும் உதவியது: பிஎச் 4.4, ஹைட்ரோமீட்டர் 1.030. நண்பர் எழுதிக்கொடுத்த சீட்டில் பத்து முதல் பதினான்கு நாள் என்று இருந்தது. அதைப் படித்துவிட்டுத் தாயார் கேட்டது குறிப்பிடத்தக்கது: “இந்த வெயிலில் இட்லி மாவே நாலு மணி நேரத்தில் பொங்கி வழிகிறது, இதற்கு மட்டும் எப்படிப் பதினாலு நாள், தம்பி?”

நான்காம் நாள் கண்டவை

என்னை அழைத்தது நான்காம் நாள். ஏர்லாக் நிமிடத்துக்குப் பல முறை குமிழிவிட்டுக்கொண்டிருந்தது. மகன் அதை நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டார். பீருக்கு அது நல்ல அறிகுறிதான். மூடியைத் திறந்தபோது வந்தது புளிப்பு வாசனை அல்ல. பன் சுடும் அடுப்படியில் வருகிற ஈஸ்ட் வாசனை. தாய்ப்படலம் அடியில் மூழ்கிக் கிடந்தது. மேற்பரப்பில் புதுப் படலத்தின் சுவடே இல்லை. பிஎச் 4.0க்கு அருகில், ஹைட்ரோமீட்டர் 1.024.

ஆறு புள்ளி இறக்கத்தைப் பீர் கணக்கில் பெருக்கினால் ஆல்கஹால் ஏறத்தாழ 0.7 முதல் 0.8 சதவீதம் வருகிறது. சாதாரணக் கொம்புச்சாவில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே சர்க்கரையின் ஒரு பகுதி அமிலமாகிறது, ஆல்கஹாலும் தொடர்ந்து செலவாகிறது, ஆகவே ஹைட்ரோமீட்டரை வைத்து ஆல்கஹால் சொல்ல முடியாது. ஆனால் காற்றுப் புகாமல் அடைத்திருந்த இந்த வாளியில் அமிலம் அதிகம் உண்டாகவில்லை என்பதைப் பிஎச்சே காட்டியது. அப்படியானால் குறைந்த சர்க்கரையின் பெரும்பங்கு ஆல்கஹாலாகத்தான் நின்றிருக்க வேண்டும். சட்டத்துக்கு அஞ்சிப் பீரைத் தள்ளிவைத்த வீட்டில், தேநீர் தானாகவே மென்மதுவாகிக்கொண்டிருந்தது.

காரணம் இரண்டு, அவற்றைப் பிரித்துப் பார்க்கவும் முடிந்தது. முதலாவது ஏர்லாக். பீருக்குக் காற்று எதிரி. உள்ளிருந்து வாயு வெளியேறலாம், வெளிக்காற்று உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே அந்தக் கருவி உண்டானது. அசெட்டிக் பாக்டீரியாவுக்கோ காற்று இல்லாமல் வேலை ஓடாது. ஈஸ்ட்டுக்குக் கதவைத் திறந்துவிட்டு, அது செய்வதை அமிலமாக்க வேண்டியதன் கழுத்தை நெரித்ததுபோல் ஆயிற்று. இரண்டாவது தண்ணீர். கடின நீரில் உள்ள பைகார்பனேட் என்ற உப்பு அமிலத்தை விழுங்கும். பத்தில் ஒரு பங்கு உறை நீர் ஊற்றியும் தொடக்கப் பிஎச் 4.4இல் நின்றதற்கு அதுவே விளக்கம். பாதுகாப்புக்கு வேண்டிய மேல்வரம்பாகிய 4.6க்கு அது கீழேதான் இருந்தது, ஆனால் அதிக இடைவெளி இல்லை. நோய்க்கிருமிகளுக்கும் பூசணத்துக்கும் இடம் கொடுக்காமல் இருக்க, தொடங்கும்போதே 4 அல்லது அதற்குக் கீழ் இருப்பது நலம்.

அந்த ஈட்டை என்ன செய்வது

கொட்டிவிடலாம் என்பது மகனின் முதல் எண்ணம். இன்னும் பத்து நாள் அப்படியே விட்டால் சரியாகிவிடும் என்றார் மாமன். குடிப்பதற்கு இனி இது இல்லை என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டோம். ஆனால் ஆல்கஹால் ஏறிய தேநீர் காடிக்கு, அதாவது வினிகருக்கு, நல்ல மூலப்பொருள். மூடியையும் ஏர்லாக்கையும் கழற்றிவிட்டு, வாயில் நாலாக மடித்த பழைய வேட்டித் துணியைக் கட்டி, படலம் மேலே மிதக்கும்படி எடுத்துவிட்டு, வாளியைக் கொல்லைத் தாழ்வாரத்துக்கு மாற்றினோம். மேலே காற்றுப் பட்டால் இருக்கும் ஆல்கஹால் அமிலமாகிக் குறையும். அந்த வழியில் அது மது என்ற வகையிலிருந்தும் விலகிப்போகும்.

மெல்லிய வலைத்துணி கட்டினால் போதாதா என்று கேட்டார்கள். மாம்பழக் காலம் அது. பழ ஈக்கள் காடி வாசனைக்கு எங்கிருந்து வருகின்றன என்றே தெரியாது. வலையின் கண் வழியே நுழைந்து படலத்தின்மேல் முட்டையிட்டுவிடும். நெருக்கமாக நெய்த துணிதான் வேண்டும். வாளியின் அடியில் தண்ணீர்த் தட்டு வைத்தது எறும்புக்காக.

இரண்டாம் ஈடு

மீதமிருந்த உறை நீரைக் கொண்டு சிறிய அளவில், மூன்று லிட்டர் மட்டும், அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடிகள் இரண்டில் புதிதாகத் தொடங்கினோம். லிட்டருக்கு 75 கிராம் சர்க்கரை என்ற அளவை மாற்றவில்லை. மாற்றியவை மூன்று. தண்ணீர், கொள்ளிடத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர். அதில் குளோரின் வாசனை வரும், ஆனால் நன்றாகக் கொதிக்கவிட்டால் போய்விடும். உறை நீர் பத்தில் ஒன்றுக்குப் பதிலாக ஏழில் ஒன்று அளவுக்கு. இடம், சமையலறைக்குப் பதிலாக ரேழியின் தரை.

இடத்தைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கொம்புச்சாவுக்கு 24 முதல் 28 டிகிரி வசதியானது. வைகாசி டெல்டாவில் குளிர்பதன அறை இல்லாமல் அந்த வெப்பத்தைக் கொண்டுவர முடியாது. ஆனால் ஒட்டுவெப்பமானியை வீட்டின் பல இடங்களில் வைத்துப் பார்த்தபோது ஒரே வேளையில் ஐந்து டிகிரிவரை வேறுபாடு தெரிந்தது. பிற்பகலில் சமையலறை மேடைக்கடியில் 35 இருக்கும்போது ரேழித் தரையில் 31தான். ஜாடிகளைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி அதன் நுனியைத் தட்டுத் தண்ணீரில் தொங்கவிட்டதும் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி இறங்கியது. கடற்காற்று வீசி ஈரம் கனக்கும் மாலைகளில் அந்தச் சாக்கால் பெரிய பயன் இல்லை என்பதையும் வெப்பமானி காட்டியது. காய்ந்த மேல்காற்று வீசும் நடுப்பகலில்தான் அது நன்றாக வேலை செய்தது.

தொடக்கப் பிஎச் 3.8. தண்ணீரும் கூடுதல் உறையும் சேர்ந்து செய்த மாற்றம் அது. இரண்டாம் நாளே மேலே மெல்லிய பளபளப்பு. மூன்றாம் நாள் காகிதக் கனத்தில் வெளுத்த படலம். அதன்மேல் வெண்புள்ளிகள் தெரிந்ததும் தாயார் பூசணம் என்று பயந்து கூப்பிட்டார். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தோம். பூசணம் என்றால் காய்ந்து, பஞ்சு மாதிரி மயிர் எழும்பி, பச்சையோ கறுப்போ சாம்பலோ நிறம் காட்டும். எப்போதும் மேற்பரப்பில்தான் வரும். இங்கே இருந்தது ஈரமாக, வழுவழுப்பாக, ஓரங்களில் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாக இருந்தது. கீழே தொங்கிய பழுப்பு நூல்கள் ஈஸ்ட் திரள். பூசணமாக இருந்திருந்தால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டுத் தொடர்வதற்கில்லை. படலத்தோடு முழுவதையும் கொட்டியிருப்போம்.

மூன்றாம் நாள் பிஎச் 3.4, ஐந்தாம் நாள் 3.1. மகன் சீட்டில் இருந்த பத்து நாளுக்காகக் காத்திருக்க விரும்பினார். சுத்தமான கரண்டியால் எடுத்துச் சுவைத்தபோது இனிப்பும் புளிப்பும் சமமாக நின்றன. மறுநாள் நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தோம். பிஎச் 2.5க்குக் கீழே போனால் குடிக்க முடியாத கடும் புளிப்பாகிவிடும், வயிற்றுக்கும் ஆகாது. அந்த வெயிலில் பத்து நாள் விட்டிருந்தால் அந்த எல்லைக்கு அருகில் போயிருக்கும். சீட்டைக் கொடுத்தவர் வேறு பருவத்தில், குளிர்ச்சியான அறையில் செய்து பார்த்து எழுதியிருக்கிறார். அவர் எழுதியதில் பிழை இல்லை. நாள் எண்ணிக்கை என்பது பெரும்பாலும் வெப்பத்தின் விளைவு என்பதால், அதை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எடுத்துச் செல்ல முடியாது.

யார் குடிக்கலாம் என்ற கேள்வி

நான் எதிர்பாராத ஒரு விவாதம் இந்த இடத்தில் எழுந்தது. தாயாருக்குச் சர்க்கரை நோய் உண்டு. கொம்புச்சா சர்க்கரைக்கு மருந்து என்று உறவினர் ஒருவர் கைபேசியில் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடிக்கலாமா என்று கேட்டார். ஹைட்ரோமீட்டர் அப்போது 1.022 காட்டியது, போட்ட சர்க்கரையில் பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது என்பதே அதன் பொருள். மருந்து என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை. அவர் ருசி பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். கர்ப்பிணிகள், சிறு குழந்தைகள், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் ஆகியோருக்கும் வீட்டுக் கொம்புச்சாவைக் கொடுக்கக் கூடாது. 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இதைத் தினமும் குடித்துவந்த இரண்டு பெண்கள் இரத்தத்தில் அமிலம் மிகுந்து ஆபத்தான நிலைக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார். கொம்புச்சாதான் காரணம் என்று நிறுவப்படவில்லை என்றாலும், உடல்நலக் குறைவு உள்ளவர்கள் விலகி இருப்பதற்கு அந்த ஐயமே போதும்.

புட்டியில் அடைத்தது

பொங்கும் பானமாக வேண்டும் என்பது மகனின் விருப்பம். கையேட்டில் புட்டியடைக்கும்போது லிட்டருக்கு 6 முதல் 8 கிராம் சர்க்கரை போடச் சொல்லியிருந்தது. அதைப் பார்த்து அளந்து எடுத்துவைத்திருந்தார். இந்தக் கணக்கு பீரில் ஏன் சரியாக வருகிறது என்றால், புட்டிக்குப் போகும் வேளையில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை பீரில் மிச்சமிருக்காது. புதிதாகப் போடும் சர்க்கரை தீர்ந்ததும் வாயு உண்டாவதும் தானாக நின்றுவிடும். கொம்புச்சாவில் லிட்டருக்கு 40, 50 கிராம் ஏற்கெனவே நிற்கிறது. ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய அரைக் கிராம் கரியமில வாயு, அரைக் கிராம் ஆல்கஹால் என்று கொண்டால், நிற்கும் சர்க்கரை முழுவதும் அடைபட்ட புட்டிக்குள் நொதிப்பதை எந்தக் கண்ணாடியும் தாங்காது. கூடுதல் சர்க்கரை தேவையே இல்லை. நிறுத்துவதற்குக் குளிர் ஒன்றுதான் கருவி.

ஆல்கஹால் கணக்கும் இதே இடத்தில் வந்து நின்றது. அடைத்த புட்டியில் காற்று இல்லை. ஏர்லாக் போட்ட வாளியின் நிலைமைதான் மறுபடியும். லிட்டருக்குச் சுமார் 8 கிராம் சர்க்கரை அங்கே நொதித்தாலே ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தொட்டுவிடும். ஆகவே பழச்சாறு, திராட்சை எதுவும் சேர்க்காமல், கம்பி மூடிப் புட்டிகளில் கழுத்துவரை நிரப்பி, கூடவே ஒரு பிளாஸ்டிக் சோடாப் புட்டியையும் அதே அளவு நிரப்பிப் பக்கத்தில் வைத்தோம். கண்ணாடிப் புட்டியின் உள்ளழுத்தம் வெளியே தெரியாது; பிளாஸ்டிக்கை விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும். மாலையில் வைத்தது மறுநாள் காலையில் விரலுக்கு இறுகிவிட்டது. உடனே எல்லாவற்றையும் குளிர்பெட்டிக்கு மாற்றினோம். திறந்தபோது மெல்லிய நுரை கட்டியது; எல்லோருக்கும் பிடித்தது.

மாமன் வீட்டில் நடந்தது

அந்தப் புட்டிகளில் ஒன்றை மாமன் தம் வீட்டுக்கு எடுத்துப்போனார். புளிப்பு தூக்கலாக இருப்பதாகத் தோன்றியதால் இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டுக் கலக்கி, பானத்தைப் பழைய சர்பத் பாட்டிலுக்கு மாற்றி, திருகுமூடியை இறுக்கிச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டார். குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்று அவரிடம் சொன்னவர் யாரும் இல்லை. கொடுத்த புட்டியிலும் எதுவும் எழுதியிருக்கவில்லை. மறுநாள் இரவு அது வெடித்தது. அலமாரிக் கதவு மூடியிருந்ததால் சில்லுகள் உள்ளேயே சிதறின; யாருக்கும் காயமில்லை. மாமி இன்றுவரை அந்த அலமாரியில் கண்ணாடிச் சில் எடுத்துக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

சர்பத் பாட்டில் அழுத்தம் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அல்ல. கண்ணாடி மெல்லியது, அடி தட்டையானது. சோடா, பீர் போன்றவற்றுக்கான புட்டியின் கனமும் வளைவும் அதில் கிடையாது. சர்க்கரை, வெப்பம், மெல்லிய கண்ணாடி மூன்றும் சேர்ந்த இடத்தில் வேறு முடிவு வந்திருந்தால்தான் வியப்பு.

முதல் ஈட்டின் முடிவு

கொல்லைத் தாழ்வாரத்து வாளியில் ஒரு வாரத்துக்குள் கனத்த படலம் கட்டியது. ஒரு மாதம் கழித்து அதைப் பார்த்தபோது ஈஸ்ட் வாசனை போய், மூக்கைச் சுண்டும் காடி நெடி நின்றது. ஊறுகாய்க்கு ஊற்றலாமா என்று தாயார் கேட்டதால், பழைய பரிசோதனைக்கூடப் பழக்கத்தில், அமிலத்தை ஈடுசெய்யும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அமிலத்தை அளந்து பார்த்தேன்: நூற்றுக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. நொதிக்காடிக்கு உணவு விதிகள் கேட்பது குறைந்தது 3.75. அந்த அளவுக்குக் கீழே உள்ள காடியை நம்பி ஊறுகாயையோ காய்கறியையோ மாதக்கணக்கில் கெடாமல் வைக்க முடியாது. வெங்காயப் பச்சடியில் அன்றன்றைக்கு ஒரு கரண்டி விடுவதற்கும், குழாயடியில் உப்புத் தண்ணீர் விட்ட வெள்ளைக் கறையைத் துடைப்பதற்கும் அது பயன்பட்டது. கறை துடைக்கத்தான் அதிகம் செலவாயிற்று.

அடுத்த முறை மாற வேண்டியவை

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்த பிறகு மகன் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். தாயார் உறை நீரைக் காப்பாற்றிவருகிறார். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் ரேழித் தரை வெப்பம் 27க்கு இறங்கும். மீண்டும் போடுவதானால் அந்தப் பருவத்தில்தான் என்று பேசி வைத்திருக்கிறோம். அப்போது நாட்கள் நீளும். ஆகவே இந்த முறை ஆறு நாளில் முடிந்தது என்பதையும் யாரும் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். தினம் ஒரு முறை பிஎச் தாளும் வெப்பமானியும் பார்த்து எழுதுவதற்கு நாட்காட்டியின் ஓரமே போதும்.

குளிர்பெட்டியைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை. கோடையில் மின்வெட்டு சில மணி நேரம் நீண்டால் உள்ளே உள்ள புட்டிகள் மறுபடி சூடேறி நொதிக்கத் தொடங்கும். அதனால் பொங்கும் பானமாக அடைப்பதை மழைக்காலத்துக்கும் பிளாஸ்டிக் புட்டிகளுக்கும் மட்டும் வைத்துக்கொள்வது, கோடையில் நுரை இல்லாமல் துணி மூடிய ஜாடியிலிருந்தே ஊற்றிக் குடித்துத் தீர்த்துவிடுவது என்பது இப்போதைய ஏற்பாடு. வாளி வீட்டிலேயே இருக்கிறது, அதன் ஏர்லாக்கை மட்டும் மகன் எடுத்துப்போய்விட்டார். உறவினர்க்குக் கொடுப்பதானால், அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியில், கால் பாகம் காலியாக விட்டு, அடைத்த தேதியையும், குளிர்பெட்டியில் மட்டும் வைக்க வேண்டும், மூன்று நாளுக்குள் குடித்துவிட வேண்டும், சர்க்கரை சேர்க்கக் கூடாது என்பதையும் காகிதத்தில் எழுதி ஒட்டித்தான் கொடுக்க வேண்டும்.